கபன் துணியில் ஒரு கவுன்

சகோதரிகளே, என் மகள் உயிரோடு இருக்கும்போதே அவளை அடக்கம் செய்யச் சுற்றும் கபன் துணி எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது.

அறுபதுகளின் தொடக்கம். என் வீட்டுக்காரர் திண்டுக்கல்லில் தோல் பதனிடும் தோல்ஷாப்பில் வேலை பார்த்தார். ஏழு வயது ஜைனபுவுக்குச் சாப்பிட்டதெல்லாம் வாந்தியாக வந்தது. மேல்வயிற்றில் கட்டி தென்பட்டது. டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு, "இரைப்பையில புத்து மாதிரி தெரியுதும்மா. சின்னப் பிள்ளைகளுக்கு வராத நோய் இது. உடனே மதுரைக்குக் கொண்டுபோங்க" என்றார்.

அன்று மாலையே என் நாத்தனார் வெள்ளைத் துணியோடு வந்தார். கெட்ட எண்ணமில்லை. கடைசி நேரத்தில் கடை கடையாக அலையக் கூடாதே என்றுதான். "நசீபுல எழுதுன தலையெழுத்தை யாரு மாத்த முடியும்? மனசைத் தேத்திக்க" என்றார்.

எனக்கு வந்ததே கோபம்! கபனில் தையல் விழக் கூடாது என்பது நம் எல்லாருக்கும் தெரியும். ஊசியை எடுத்தேன். அவர் கண்ணெதிரிலேயே துணியை வெட்டி ஜைனபுவுக்குக் கவுன் தைத்தேன். கீழே ஒரு சாண் மடித்தேன்.

"ஏம்மா, இம்புட்டு மடிப்பு எதுக்கு?"

"வளர்ற பிள்ளைக்கு மடிப்பு வேணாமா, மதினி? வராத நோய் வந்துச்சுல்ல, அது போகவும் செய்யும்."

அந்தக் கவுனைப் போட்டுத்தான் மதுரைக்கு ரயிலேற்றினேன். ஆபரேஷன் அறைக் கதவு மூடியதும் வராந்தாவில் உட்கார்ந்து கையேந்தினேன். "யா அல்லாஹ், இவள் நீ என்னிடம் ஒப்படைத்த அமானிதம்தான். மறுக்கவில்லை. ஆனால் நான் இன்னும் வளர்த்து முடிக்கவில்லை. நீ அவளைத் திருப்பித் தராமல் நான் எழுந்திருக்க மாட்டேன்." அழுது கேட்டேன். சண்டை போட்டுக் கேட்டேன் என்றுகூடச் சொல்லலாம். அவனை விட்டால் எனக்கு யார்?

டாக்டர் வெளியே வந்தார். "கட்டி முழுசா வெளியே வந்துருச்சும்மா. வேற எங்கேயும் பரவலை. ஆனா வருஷக்கணக்கா காட்டிக்கிட்டே இருக்கணும்" என்றார். அல்ஹம்துலில்லாஹ்! அங்கேயே நெற்றி தரையில் பட சஜ்தாவில் விழுந்தேன்.

முன்பெல்லாம் கடமைக்குத் தொழுதவள் நான். இப்போது அவனோடு பேசத் தொழுகிறேன்.

சகோதரிகளே, ஆஸ்பத்திரிக்கும் போங்கள், துஆவும் கேளுங்கள். தருவதும் எடுப்பதும் அவன் செயல். கேட்பது நம் வேலை. பிள்ளைக்கு மூச்சிருக்கும்வரை கபனை வாசற்படி ஏற்றாதீர்கள்.

நாலு வருஷம் கழித்து வந்த பெருநாளைக்கு அந்தக் கவுனின் மடிப்பை முழுக்கப் பிரித்துவிட்டேன். அப்படியும் ஜைனபுவுக்கு முழங்காலை எட்டவில்லை. புதுத்துணி எடுத்து வந்தவர் மதினிதான், நல்ல சிவப்பில்.

"மடிப்பைத் தாராளமா விட்டுத் தைம்மா" என்றார்.