அப்பாவின் கல்வெட்டும் அண்ணையின் லினக்ஸும்

கேட்காமலே உபகாரம் செய்ய வருகிறவர்களைக் கண்டால் எனக்குக் குமட்டிக்கொண்டு வரும்.

அப்பாவின் செத்தவீட்டுக்கு வெளிநாட்டிலிருந்து வந்த பெரியம்மாவின் மகன், முப்பத்தோராம் நாள் கிரியையான அந்தியேட்டி முடியும்வரை புத்தூரில் எங்கள் வீட்டில்தான் தங்கினார். கணினி வேலை செய்கிறவர். எங்கள் பழைய கணினி ஆடி அசைந்து திறப்பதைப் பார்க்க அவருக்குப் பொறுக்கவில்லை. நான் அம்மாவைத் தெல்லிப்பழைக்கு மருந்தெடுக்கக் கூட்டிக்கொண்டுபோய் வருவதற்குள், விண்டோஸைத் துடைத்துவிட்டு லினக்ஸைப் போட்டு வைத்திருந்தார்.

"இனி வைரஸும் இல்லை, காசும் இல்லை. ஆருக்கும் அடிமையில்லை, பிள்ளை."

"அண்ணை, என்ரை பைல் எல்லாம்?"

"எல்லாம் பத்திரமாய்க் கிடக்கு."

கிடந்ததுதான். அப்பாவின் கல்வெட்டைத் திறந்தேன். ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் குவிந்து கிடந்தது. 'அப்பா' என்று நான் அடித்த இடத்தில் mg;gh என்று நின்றது.

கல்வெட்டு என்பது அந்தியேட்டிக்கு வருகிறவர்களின் கையில் கொடுக்கும் நினைவுப் புத்தகம். அது இல்லாமல் எங்கள் பக்கத்தில் ஒரு சாவு முடிவதில்லை. அம்மா அழுதழுது சொல்லச் சொல்ல நான் அடித்தது: கலியாணம் பேசி வந்தது, இடம்பெயர்ந்தபோது அப்பா தண்ணீர் இறைக்கும் மிசினைச் சைக்கிளில் கட்டி இழுத்தது, எல்லாம். மறுநாள் காலை அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டும். இங்கே பலரையும் போல நானும் பாமினி எழுத்துருவில்தான் அடிப்பேன். அது இல்லாத கணினியில் அடித்த தமிழ் தமிழாகத் தெரியாது.

"உந்தப் பாமினியை இன்னும் ஆர் பாவிக்கினம்? பிழை உன்னிலைதான்," என்றார் அண்ணை. பிறகு யூனிகோட்டைப் பற்றி ஒரு பிரசங்கம். செத்தவீட்டில்! சீ!

இணையத்தில் எதிலோ போட்டு மாற்றியும் பார்த்தார். அப்பாவின் பெயரிலேயே கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். அம்மா எட்டிப் பார்த்தார்.

"ஐயோ, என்னடி பிள்ளை இது? என்னாலை இனித் திருப்பிச் சொல்லேலாது," என்று சுவரோடு சாய்ந்துவிட்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அச்சகத்துக்கு அழைப்பெடுத்து, பாமினியை வாட்ஸ்அப்பில் வாங்கினேன்.

"அண்ணை, நியாயம் பிறகு கதையுங்கோ. முதல் இதை உதுக்குள்ளை போடுங்கோ."

முகத்தைச் சுளித்துக்கொண்டு போட்டார். ஒரேயொரு சின்னக் கோப்பு. கல்வெட்டை மூடித் திறந்தேன். அப்பா, சைக்கிள், மிசின், எல்லாம் தமிழில் வந்து நின்றன.

"பாத்தியே? இதிலை செய்யேலாதது ஒண்டும் இல்லை," என்றார், பல்லைக் காட்டிக்கொண்டு.

உண்மைதான். அதுதான் வயிற்றெரிச்சல். இன்றைக்கும் அந்த லினக்ஸில்தான் அடிக்கிறேன், ஒரு கரைச்சலும் இல்லை. எங்களைப் போன்ற ஆட்களுக்கு அது சரிவருமா என்று கேட்டால், வரும் என்றுதான் சொல்வேன். 'நீ இதில் என்ன வேலை செய்கிறாய்?' என்று ஒரு வார்த்தை கேட்காமல், விடுதலை என்று சொல்லிக்கொண்டு தலையில் கட்டுகிறவர்களைத்தான் சகிக்க முடியவில்லை.

கல்வெட்டின் கடைசிப் பக்கம் நன்றி நவிலல். பந்தல் போட்டவர்களிலிருந்து சமைத்தவர்கள்வரை எல்லோருக்கும் அதில் இடமுண்டு. அண்ணை என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"கணினி உதவி எண்டு என்ரை பேரையும் போடு, பிள்ளை."

நான் வாய் திறக்க முதல் அம்மா சுவரை விட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"தம்பி, என்ரை மனுசனை நீயே துலைச்சுப்போட்டு, நீயே எடுத்துத் தந்ததுக்கு உனக்கு நன்றியோ?"