அக்கா பேசிய இடத்தில் பாட்டு

போன ஞாயிற்றுக்கிழமை அடையாறிலிருந்து நித்யா போன் செய்தாள். என் அக்காவின் பெண். கையில் மூன்று மாதக் குழந்தை. "மாமா, குழந்தையை எடுக்கறதுக்கு ஒரு வீடியோ கேமரா வாங்கணும். எது நன்னாருக்கும்? எடுத்ததை எதுல சேர்த்து வெச்சுக்கறது?" என்றாள். எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. அவள்மேல் இல்லை. அவளுக்கு மூன்று வயது இருக்கும்போது அக்கா போய்விட்டாள். தன் அம்மாவின் குரல் எப்படி இருக்கும் என்று நித்யாவுக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டும். அக்கா பேசியதைப் பதிவு செய்தோம், ஐயா. நன்றாகத்தான் பதிவானது.

புதுச் சாமான் பெட்டியைப் பிரித்தால் தெர்மோகோலும் பிளாஸ்டிக்கும் கலந்து ஒரு வாசனை வருமே, அது மூக்கில் பட்டால் எனக்கு இன்றும் பாண்டி பஜாரில் அந்தக் கடைதான் நினைவுக்கு வரும். அக்காவின் கணவர், எங்கள் வழக்கப்படி அத்திம்பேர், கேமரா வாங்க என்னைத் துணைக்குக் கூட்டிப்போயிருந்தார். கேமராவைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் மூடியைக் கழற்றிவிட்டு எடுக்க வேண்டும் என்பதுதான். அதையும் சில சமயம் மறந்துவிடுவேன். இருந்தாலும் பத்திரிகையில் எதையோ படித்துவிட்டு வந்த தைரியத்தில், "டேப்பே இருக்கட்டும்" என்றேன்.

கடைக்காரர் விடவில்லை. "டேப்பெல்லாம் இன்னா சார். ஒரு அவர் எடுத்தா கம்ப்யூட்டர்ல ஏத்தவும் ஒரு அவர் குந்திக்கினு இருக்கணும். இதுல உள்ளயே ஹார்ட் டிஸ்க் கீது. ஒயரைச் சொருகினா முடிஞ்சிச்சு."

அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் டேப் என்றால் எடுத்து பீரோவில் போட்டுவிடலாம், அது பாட்டுக்குக் கிடக்கும். இதிலோ நிறைந்துவிட்டால் அழித்தால்தான் அடுத்தது எடுக்க முடியும். அதனால், எடுத்ததை எடுத்தபடியே வைத்துக்கொள்ளத் தனியாக ஒரு ஹார்ட் டிஸ்க்கும் சேர்த்து வாங்கிவிடலாம் என்றேன். அத்திம்பேர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "எடிட் பண்ணி டிவிடி போட்டாச்சுன்னா அது எதுக்குடா? மாவு அரைச்சப்புறம் யாராவது அரிசியைத் தேடுவாளா?" கடைக்காரர் சிரித்துவிட்டார். கேமராவை மட்டும் வாங்கிக்கொண்டு கிளம்பினோம். நல்ல பதில் எல்லாம் எனக்கு வீடு திரும்பும் பஸ்ஸில்தான் வரும்.

அந்த வருஷ நவராத்திரிக்கு மந்தைவெளியில் அவர்கள் வீட்டில் கொலு. வந்தவர்கள் எல்லாரும் பாடினார்கள். பாடாமல் சுண்டலை வாங்கிக்கொண்டு போக எங்கள் பக்கத்தில் யார் விடுகிறார்கள்? அக்காவுக்கு மட்டும் பாட்டு வராது. அத்திம்பேர் கேமராவைத் திருப்பியதும், "எனக்கு சங்கீதம் வராது, இவாளைப் பத்தி வம்பு வேணா பேசறேன்" என்று குழந்தை நித்யாவை இடுப்பில் வைத்துக்கொண்டு படி படியாகப் பொம்மைகளைக் காட்டி ஆரம்பித்தாள். தவில்காரருக்குக் காலையில் இன்னும் காப்பி கொடுக்கவில்லையாம், அதனால்தான் முகத்தை அப்படி வைத்துக்கொண்டிருக்கிறாராம். எனக்கு ஞாபகம் இருப்பது இந்த ஒன்றுதான். ஒன்பது படியிலும் பேசினாள்.

அத்திம்பேர் ராப்பகலாக உட்கார்ந்து எடிட்டிங் கற்றுக்கொண்டார். கற்றுக்கொண்டதும் முதல் காரியமாக மொத்தச் சத்தத்தையும் அமுக்கிவிட்டு, அதன்மேல் ஒரு சினிமாப் பாட்டைப் போட்டார். நம் ஊரில் வீடியோ என்றால் பாட்டு இருந்தே தீர வேண்டும். தாலி கட்டும்போது பாட்டு, சீமந்தத்துக்குப் பாட்டு, காது குத்தும்போது குழந்தை வீறிட்டால் அதற்கும் பாட்டு. மனுஷர்கள் பேசியதெல்லாம் இரைச்சல், பாட்டு மட்டும்தான் சத்தம் என்று யார் போட்ட சட்டம் இது? போதாததற்கு, திரையில் ரோஜாப்பூ வேறு பறந்தது.

டிவிடியைக் கூடத்தில் போட்டுக் காட்டினார். கல்யாண வீடியோக்காரன் தோற்றான் என்று எல்லாரும் புகழ்ந்தார்கள். அக்காதான் கேட்டாள்: "ஏன்னா, நான் பேசினதெல்லாம் எங்க போச்சு?"

"அதான் தினம் கேட்டுண்டிருக்கோமே" என்றார்.

கூடமே சிரித்தது. அதற்குள் கேமராவிலும் கம்ப்யூட்டரிலும் இடம் போதவில்லை என்று எடுத்ததையெல்லாம் அழித்திருந்தார். அரிசி தீர்ந்துபோயிற்று.

போனில் இதையெல்லாம் சொல்ல முடியாது என்று அன்று சாயங்காலமே அடையாறுக்குப் போனேன். எந்தக் கேமராவாவது வாங்கிக்கொள், எடுத்ததை எடுத்தபடி இரண்டு இடத்தில் வை, குக்கர் விசிலாகவே இருந்தாலும் சத்தத்தில் கை வைக்காதே என்று கோபமாகவே சொன்னேன். நித்யா மடிக்கணினியைத் திறந்தாள். டிவிடியிலிருந்து ஏற்றி வைத்திருந்த கொலு. பாட்டை நிறுத்திவிட்டு ஓடவிட்டாள். இப்படித்தான் எப்போதும் பார்ப்பாளாம். அக்கா பேசிக்கொண்டே போகிறாள், பொம்மையைக் காட்டுகிறாள், சிரிக்கிறாள். ஒரு சத்தம் இல்லை. இடுப்பில் இருக்கும் குழந்தை எதையோ இழுக்க, அக்கா அதன் பக்கம் திரும்பி உதட்டைக் குவித்து ஏதோ சொல்கிறாள். நித்யா அங்கே நிறுத்தினாள்.

"என்னைத்தானே கூப்பிடறா? என்னன்னு கூப்பிடுவா?"

"நித்துக்கண்ணு."

"அம்மா மாதிரியே சொல்லிக் காட்டுங்கோ."

சொன்னேன். தொண்டையைச் செருமிக்கொண்டு, கொஞ்சம் இழுத்து, இன்னொரு முறையும் சொன்னேன்.

"இப்படித்தான் இருக்குமா, மாமா?"

"இல்லம்மா" என்றேன். "இப்படி இல்லை."