குளிராத கால்

அன்று எனக்குக் குளிரவில்லை. என் நோய் அப்படித்தான் தொடங்கியது, ஒரு நல்ல செய்தியைப் போல.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி, ஒரு ஜனவரி மாதம். மொன்றியலிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில், அணைக்கட்டுக்குக் கீழே உறையாமல் ஓடும் ஆற்றில் இடுப்பளவு தண்ணீரில் நின்றேன். அந்தப் பகுதியில் மட்டும் குளிர்காலத்திலும் ட்ரவுட் மீன் பிடிக்க விடுவார்கள். பக்கத்தில் நின்றவர் மார்செல். சென்ட் லோரன்ட் தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்தவர். இறகையும் நூலையும் சுற்றிப் பொய்ப்பூச்சி கட்டி, அதை எறிந்து மீன் பிடிக்கும் பைத்தியத்தை எனக்கும் ஒட்டவைத்தவர் அவர்தான். தூண்டில் தடியின் வளையங்களில் பனி கட்டும். வாயால் ஊதிக் கரைத்துவிட்டு மறுபடி எறிவோம். அன்று மார்செலே குளிரில் முனகினார். எனக்கு ஒன்றுமில்லை. வந்த நாள் முதல் இந்த நாட்டுப் பனியைத் திட்டித் தீர்த்தவன், கடைசியில் உடம்பு பழகிவிட்டது என்று பெருமைப்பட்டேன்.

கரைக்கு வந்து, நெஞ்சுவரை வரும் ரப்பர் காற்சட்டையைக் கழற்றியபோது இடது காலுக்குள்ளிருந்து தண்ணீர் கொட்டியது. எங்கோ கிழிந்திருந்தது. பாதம் வெளிறிச் சுருங்கிக் கிடந்தது. மார்செல் அதை இரு கைகளாலும் பிடித்துத் தேய்த்தார். அவர் தேய்ப்பதைக் கண்ணால் பார்த்தேன். காலில் தெரியவில்லை.

இதை வாசிப்பவர்களில் யாருக்காவது செருப்பு கழன்றதே தெரியாமல் நடந்த அனுபவம் இருந்தால், தயவுசெய்து என்னைப் போல் சாக்குச் சொல்லிக்கொண்டு இருக்காதீர்கள். நான் சப்பாத்தைக் குறை சொன்னேன். பிறகு வயதைச் சொன்னேன். முகம் கழுவக் கண்ணை மூடினால் சுவரில் சாய்ந்தேன். சாமிப் படத்துக்கு முன் கண்மூடி நின்றபோது உடம்பு ஆடியதைப் பார்த்த என் மனைவி வசந்தி, மனுசனுக்குப் பக்தி முற்றிவிட்டது என்று நினைத்தாளாம். பிறகு புத்தியும் தடுமாறியது. மெற்றோவில் இறங்க வேண்டிய நிலையம் வந்தும், அதுதானா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

இரத்தம் சோதித்த டொக்டர், பி12 (நரம்புகளின் உறையைக் காக்கும் உயிர்ச்சத்து) மிகமிகக் குறைந்துவிட்டது என்றார். என்ன சாப்பிடுவீர்கள் என்று கேட்டார். சைவம் என்றேன். காரணம் கிடைத்ததில் அவர் முகம் தெளிந்தது. ஊசி போடுவோம், நீங்கள் மீனும் இறைச்சியும் சாப்பிடத் தொடங்குங்கள் என்றார்.

நான் பிறவிச் சைவமில்லை. மீன் தின்று வளர்ந்தவன். மகள் துளசி மாதம் நிறையாமல் பிறந்து கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தபோது, அவள் பிழைத்தால் இனி மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் தொடமாட்டேன் என்று முருகனுக்கு நேர்ந்தேன். பிழைத்தாள். அப்போது அவளுக்கு ஒன்பது வயது. அதனால்தான் ஆற்றில் பிடிக்கும் மீனைத் தண்ணீருக்குள்ளேயே வைத்து தூண்டில் முள்ளைக் கழற்றி விட்டுவிடுவேன். சாப்பிடாதவனுக்கு மீன்பிடி எதற்கு என்று மார்செலுக்கு விளங்கியதே இல்லை. எனக்கும் முழுக்க விளங்கியது என்று சொல்லமுடியாது.

நடக்க வேண்டுமென்றால் முருகனுக்கு வைத்த நேர்த்தியை முறிக்க வேண்டும். முறித்தால் பிள்ளைக்கு ஏதும் ஆகிவிடுமோ? இந்தக் காலத்தில் இப்படியும் யோசிப்பார்களா என்று நீங்கள் கேட்கலாம். நான் யோசித்தேன். லண்டனிலிருந்து அக்கா தொலைபேசி அட்டை முடியும்வரை ஆட்டுக்கால் சூப்பைப் பற்றியே கதைத்தாள். கோயிலில் கண்டவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். கலங்கிய மூளைக்கு எல்லார் சொல்வதும் சரியாகவே பட்டது.

கடைசியில் முடிவெடுத்தது வசந்தி.

"நீங்கள் சாப்பிடுங்கோ. சாமியோட நான் கதைக்கிறன்."

கடை மீன் வேண்டாம், முறிப்பதென்றால் நானே பிடித்த மீனில் முறிக்கிறேன் என்றேன். வெறும் பிடிவாதம்தான். சில ஊசிகளுக்குப் பிறகு, பனி விடாத ஒரு மார்ச் நாளில், மார்செலின் தோளைப் பிடித்தபடி கரையோரம் நின்று எறிந்தேன். குளிர்ந்த தண்ணீரில் மீன் இழுத்து ஓடாது. நூல் சற்றே நின்றதுபோல் இருக்கும், அவ்வளவுதான். நல்ல பெரிய ட்ரவுட் ஒன்று வந்தது. வழக்கப்படி முள்ளைக் கழற்றப்போன கையை நிறுத்திக்கொண்டேன். மார்செல் ஒரு கல்லை எடுத்து அதன் தலையில் தட்டினார்.

வசந்தி பழப்புளி விட்டு, ஊர்த் தூள் போட்டுக் குழம்பு வைத்தாள். நான் சோற்றோடு குழைத்து வாய்க்குக் கொண்டுபோகும்போது துளசி எதிரே இருந்தாள். நேர்த்தியின் கதை அவளுக்குத் தெரியும்.

"அப்பா, இப்ப எனக்கு ஏதும் நடக்குமா?"

இல்லையம்மா என்று சொல்லிச் சாப்பிட்டேன். குழம்பு ருசியாக இருந்தது. அந்த ருசியைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அதன்பிறகு நரம்பு மருத்துவர் ஒருவர் என்னைப் பார்த்தார். கண்ணை மூடி நிற்கச் சொல்லி, விழுமுன் பிடித்துக்கொண்டார். பாலிலும் பி12 உண்டு, இப்படி ஓயாமல் பால் தேத்தண்ணீர் குடிப்பவருக்கு அது இவ்வளவு குறையக் கூடாதே என்று மேலும் சோதித்தார். வந்திருப்பது பெர்னீசியஸ் அனீமியா (உணவிலுள்ள பி12-ஐ உடம்பு எடுத்துக்கொள்ள இரைப்பை உதவாமல் போகும் நோய்) என்றார். சைவத்தால் வந்ததல்ல. எதைச் சாப்பிட்டிருந்தாலும் வந்திருக்கும், எதைச் சாப்பிட்டாலும் போகாது. ஆயுள் முழுக்க ஊசிதான். அப்படியானால் நான் சாப்பிட்ட மீன்... என்று இழுத்தேன். மீன் உடம்புக்கு எப்போதும் நல்லது என்று சிரித்தார்.

எங்கள் வீடிருக்கும் கார்ட்டியர்வில் போகும் பஸ்ஸில் எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. யாரோடு கோபிப்பதென்று தெரியவில்லை. வீட்டுக்கு வந்து, சாமியோடு கதைத்தாயா என்று வசந்தியைக் கேட்டேன். கதைத்தேன், பதில்தான் இன்னும் வரவில்லை என்றாள்.

ஊசி மெதுவாக வேலை செய்தது. புத்தி முதலில் தெளிந்தது, கால் பின்தங்கிவிட்டது. இப்போதும் என் மாதங்கள் முதலாம் தேதியில் தொடங்குவதில்லை, ஊசி போடும் நாளில் தொடங்குகின்றன. படி இறங்கும்போது கால் எங்கே நிற்கிறது என்று குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன். மீனை மறுபடி வாயில் வைக்கவில்லை. அது நேர்த்தியா, வெறும் பயமா என்று சொல்லத் தெரியவில்லை. துளசிக்குச் சளி, தடிமன் பிடித்தாலும் நானும் வசந்தியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மாட்டோம்.

அடுத்த குளிர்காலத்தில் ஒருநாள், ஆற்றிலிருந்து வந்து காலை நீட்டி இருந்தேன். துளசி வழக்கம்போல் என் பாதத்தைப் பிடித்து, தெரியுதா என்று கேட்டாள். எப்போதும் இல்லை என்றுதான் சொல்வேன். அன்று அவள் கை சுட்டது. நெருப்பாகச் சுட்டது.

பதறி எழுந்து, ஆற்றுக் குளிர் விடாத கையை அவள் நெற்றியில் வைத்தேன். அதுவும் சுட்டது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று வசந்தியைக் கூப்பிட்டேன். என் குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. அவள் ஓடிவந்து பிள்ளையின் நெற்றியைத் தொட்டாள், கழுத்தைத் தொட்டாள். பிறகு குனிந்து என் காலைத் தொட்டாள்.

"பிள்ளைக்கு ஒண்டுமில்லை," என்றாள். "உங்கட கால்தான் குளிருது."