கொய்யா மரத்துக் கரண்ட் வைத்தியம்

கூட்டேரிப்பட்டு டீக்கடையில்தான் முதலில் கேட்டது. ஒலக்கூர் பக்கம் ஜெசிந்தா வீட்டுக் கொய்யா மரத்தைப் பொழுது சாய்ந்ததும் தொட்டால் முட்டிவலி பறந்துவிடுமாம். டீ மாஸ்டரின் மாமியார் தொட்டுவிட்டு வந்து மருமகனையே துரத்திக்கொண்டு ஓடினாராம். சொன்னவர் அந்த மருமகன் என்பதால் லேசில் தள்ளிவிட முடியவில்லை. போய்ப் பார்த்தேன்.

கொல்லைத் தோட்டத்தில் வரிசை நின்றது. மரம் முழுக்கச் சிவப்பும் பச்சையுமாகச் சீரியல் பல்பு. அதன் முன்னால் விளக்குமாற்றோடு ஜெசிந்தா.

"அக்கா, உங்களக் கும்புடறேன், தொடாதீங்க. வைத்தியம் இல்ல, கரண்டு அடிக்குது!"

"கரண்டுன்னா செத்துல்ல போயிருக்கணும்? நான் நடந்துல்ல போனேன்?" என்றார் வரிசையில் முதல் ஆளான சவுரியம்மாள். "மூணு தடவைக்குத்தான் ஒரு பை மல்லாட்டை குடுத்தேன். ஒண்ணுதான் ஆயிருக்கு."

"நான் எங்க கேட்டேன்? நீங்களே வச்சிட்டுப் போனீங்க."

"வறுத்துத் தின்னியா இல்லியா?"

ஜெசிந்தா காலடியில் கிடந்த வேர்க்கடலைத் தோலை விளக்குமாற்றால் ஓரமாகத் தள்ளினார்.

ஜெசிந்தா அங்கன்வாடி ஆயா. கணவர் சகாயராஜ், திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் லாரி ஓட்டியவர். சர்க்கரை அவர் கண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருக்கிறது. கக்கூஸ் கொல்லைக் கோடியில். போகிற வழியோரம் பாதி மூடிய செப்டிக் டேங்க் குழி. ஒருமுறை அதில் இடுப்பளவு இறங்கி ஏறினார். ஜெசிந்தா கையைப் பிடிக்கப் போனால், "என்னிய இன்னா குருடன்னு நெனச்சிக்கினியா?" என்று உதறுவார்.

அதனால்தான் விளக்கு. கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்குள் மாட்டிய சீரியல் செட்டை எடுத்து, செல்லோ டேப்பில் ஒட்டுப்போட்டு, மண்ணுக்குள் வயரைப் புதைத்து, மரத்தில் சுற்றிவிட்டார் ஜெசிந்தா. "பாக்க அழகாவும் இருக்கணும் இல்ல சார்?" செடிக்கு ஊற்றிய தண்ணீர் ஒட்டுக்குள் இறங்கியது. மரம் வைத்தியரானது.

வயர்மேன் துரைக்கண்ணு, "தோ வந்துக்கினே இருக்கேன்கா" என்று ஒரு வாரமாக வந்துகொண்டே இருக்கிறார். வானம் வேறு கறுத்துக்கொண்டு வந்தது.

"புடுங்கிப் போட்டா அவரு குழியில. போட்டு வச்சா கரண்டு மரத்துல. நான் எதச் சார் செய்யட்டும்?"

ஜெசிந்தா கேட்டு முடிப்பதற்குள் சகாயராஜ் கொல்லைக் கதவைத் திறந்தார். பல்பு வெளிச்சம் நேராகக் கண்ணில் அடித்தது. வழி தெரியாமல் கை மரத்தைத் தேடியது.

"ஐயோ, நில்லுங்க!"

நிற்கிற ஆளா? வரிசையை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடி ஜெசிந்தா பிளக்கைப் பிடுங்கினார். இருட்டு. குழிக்குள் ஏதோ கல் விழுந்து தண்ணீர் சத்தம் கேட்டது.

"ஜெசி, லைட்ட ஏண்டி அணைச்ச?"

"அசையாதீங்க. ஏசுவே, அசையாதீங்க."

நான் செல்போனில் டார்ச்சைத் தேடி எடுத்தபோது கணவரின் லுங்கியை ரெண்டு கையாலும் பிடித்தபடி மண்ணில் உட்கார்ந்திருந்தார் ஜெசிந்தா. சகாயராஜின் குதிகால் மட்டும் தரையில் இருந்தது, பாதம் குழிக்கு மேலே.

சேதி பரவியதும் துரைக்கண்ணுவே ஓடிவந்தார். வயர் பைப்புக்குள் போனது. கரண்டு கசிந்தால் தானே அணையும் சுவிட்ச் வந்தது. மழைக்குத் தாங்கும் பன்னிரண்டு வோல்ட் விளக்குகள், முட்டிக்குக் கீழே, தரையைப் பார்த்தபடி. குழிக்கு மேல் சிலாப். மரத்தில் ஒன்றுமில்லை. கனகாம்பரச் செடிக்கடியில் மஞ்சள் வெளிச்சம் வழிய, கல்யாண மண்டபத்துக்கே கிடைக்காத அழகு.

மறுபடி போனபோது எல்லா விளக்கும் எரிந்துகொண்டிருந்தது. சகாயராஜ் வாசற்படியில் நின்றார்.

"ஜெசி, லைட்டப் போட்டுட்டியா?"

ஜெசிந்தா விளக்குகளைப் பார்த்தார். கணவரின் முகத்தைப் பார்த்தார்.

"கரண்டு போயிடுச்சுங்க. என் கையப் புடிச்சுக்கினு வாங்க."

"கரண்டு இல்லன்னா சரி" என்று சகாயராஜ் கையை நீட்டினார்.

வேலிக்கு அப்பால் சவுரியம்மாள் முட்டியைத் தடவிக்கொண்டு நின்றார்.

"ஜெசிந்தா, கரண்டு வந்ததும் சொல்லுடி. எனக்கு இன்னும் ரெண்டு பாக்கி இருக்குது."