உம்மா என் வகுப்பில் சேர்ந்த வருஷம்

என் உம்மாவும் நானும் ஒரே வகுப்பில் படித்தோம் என்றால் கல்லூரித் தோழிகள் சிரிக்கிறார்கள். எனக்கு அன்று சிரிப்பே வரவில்லை.

தென்காசியில் எங்கள் தெரு மதரஸா, இந்த வட்டாரத்து மதரஸாக்களுக்கெல்லாம் பாடமும் பரீட்சையும் வகுக்கும் ஒரு சபையின் கீழ் இருந்தது. நான் ஐந்தாம் வகுப்புக்குப் போன வருஷம், குர்ஆன் ஓதலைப் பாதியில் விட்ட பெண்களும் சேர்ந்து பொதுத்தேர்வு எழுதலாம் என்று சபை அறிவித்தது. மற்ற உம்மாக்கள் நல்ல காரியம் என்று பாராட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போனார்கள். என் உம்மா மறுநாளே எனக்கு முன்னால் போய் வகுப்பில் உட்கார்ந்திருந்தாள். சின்ன வயதில் தனக்கொரு தம்பி பிறந்ததும் அவனைப் பார்த்துக்கொள்ள மதரஸாவிலிருந்து நிறுத்தப்பட்டவளாம்.

அன்றோடு என் நிம்மதி போயிற்று. ஒரே பிழைக்கு எனக்குக் குட்டு விழும். உம்மாவுக்கு, "பரவாயில்ல, இன்னொரு தடவ ஓதுங்க" என்று எங்களுக்கு ஓதிக்கொடுக்கும் ஆலிமா தேனாகப் பேசுவார். வீட்டில் அதைவிட மோசம். மடியில் தட்டை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டே ஓதுவாள். விரல் இலையைச் சுருட்டும், நூலைக் கட்டும். வாய் குர்ஆனின் தபாரக் சூராவில் இருக்கும். தெருவில் விளையாடும்போது வாசலிலிருந்து குரல் வரும்.

"ஏட்டி, இந்த எடத்துல நீட்டணுமா, நிறுத்தணுமா?"

சவூதியிலிருந்து வாப்பா போனில், "ஒங்க உம்மா ஒன்னயவிட நல்லா ஓதுதாளே" என்று வேறு சொல்லிவைத்தார்.

தேர்வு கடையநல்லூரில். குற்றாலத்தில் குளித்துவிட்டுத் தலை சொட்டச் சொட்ட ஏறியவர்களால் பஸ் நிறைந்திருந்தது. அந்த நெரிசலிலும் உம்மா ஓதிக்கொண்டு வந்தாள்.

"மெதுவா உம்மா, எல்லாரும் பாக்காங்க."

"பாக்கட்டும். பரீட்ச எனக்கா, அவங்களுக்கா?"

எழுத்துத் தேர்வு முடிந்தது. ஓதல் தேர்வில் தவறினால் மொத்தமும் தவறியதாகக் கணக்கு. தேர்வு நடத்த வெளியூரிலிருந்து வந்திருந்த ஆலிமா மிகவும் இளையவர். எனக்கு முன்னால் உம்மா. தபாரக் சூராவை ஓதச் சொன்னார்.

உம்மாவுக்கு வாயே திறக்கவில்லை. மாதக் கணக்கில் என் காதைத் துளைத்த சூரா அது! ஒவ்வொரு ராகமும் இழுப்பும் எனக்கே மனப்பாடம். வியர்வை மட்டும் வழிந்தது. பின்னால் பிள்ளைகள் கிசுகிசுத்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பதறாதீங்க லாத்தா, தெரிஞ்சதுதான" என்றார் ஆலிமா.

உம்மா தயங்கித் தயங்கிக் கேட்டாள். "கை சும்மா இருந்தா வர மாட்டேங்கு. ஆட்டிக்கிட்டே ஓதலாமா?"

அவர் தலையசைத்ததும், உம்மா முக்காட்டு நுனியை எடுத்து இலையைச் சுருட்டுவதுபோலச் சுருட்டத் தொடங்கினாள். முதல் வசனம் வந்தது. அடுத்தது வந்தது. பிறகு நிற்கவே இல்லை. பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க, எனக்கு எங்காவது போய் ஒளிந்துகொள்ளலாம்போல இருந்தது.

ஓதி முடித்ததும் ஆலிமா மார்க் போடவில்லை. உம்மாவின் கையைப் பிடித்துத் திருப்பினார். பீடி இலை வெட்டக் கத்திரி பிடித்துக் காய்த்த விரலைத் தடவித் தடவிப் பார்த்தார். கையில் எதையோ எழுதிக்கொண்டு வந்திருக்கிறாள் என்று சந்தேகப்படுகிறார், தொலைந்தோம் என்று நினைத்தேன். அவர் குனிந்து உம்மாவிடம் ஏதோ மெல்லச் சொன்னார். பிறகு என்னை அழைத்தார்.

இருவரும் தேறினோம். உம்மாவுக்கு என்னைவிட மார்க் அதிகம். அந்த எரிச்சல் தனி.

அன்று திரும்பும் பஸ்ஸில் உம்மா ஓதவில்லை. சன்னலோரம் உட்கார்ந்து தன் விரல்களையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

"அந்த ஆலிமா ஒன் கையில என்னத்தத் தேடுனாங்க?"

"அவங்க உம்மாவோட கையத் தேடுனாங்க."

"கேட்டதுக்கு ஒழுங்காப் பதில் சொல்லேன் உம்மா!" என்று எரிந்து விழுந்தேன்.