முதல் தண்ணிக்கு உருட்டிய தாயம்

வாய்க்காலில் தண்ணி வந்த அன்னிக்கு என் நாத்தங்காலும் காஞ்சு கிடந்துச்சு, என் ஓரகத்தி நாத்தங்காலும் காஞ்சு கிடந்துச்சு. அவ என் கொழுந்தனார் சம்சாரம். ரெண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்து நிலம். வந்த தண்ணியோ கணுக்கால் அளவு. ஒருத்தி பாய்ச்சி முடிக்க ரெண்டு நாள் ஆகும், மத்தவ அதுவரைக்கும் காத்திருக்கணும். பொது மோட்டார் காயில் கருகிப் பட்டறைக்குப் போயிருந்துச்சு. ஆம்பளைங்க ரெண்டு பேரும் போய்ச் சேந்தாச்சு, பிள்ளைங்க சிங்கப்பூர்ல. முடிவு பண்ண நாங்க ரெண்டு பேர்தான்.

"அக்கா, தாயம் போட்டுப் பாத்துடுவோமா?" என்றாள்.

மோட்டார் கொட்டகைத் தரையில கரித்துண்டால கட்டம் போட்டேன். அவளுக்குப் புளியங்கொட்டை நாலு, எனக்கு வளையல் துண்டு நாலு. ஒண்ணு விழுந்தா தாயம். தாயம் விழுந்தாத்தான் காய் இறங்கும். வெளிக்கட்டத்தைச் சுத்தி வந்து, உள்ள ஏறி, நடுவுல போய்ச் சேந்தா பழம். நாலும் பழமானா ஜெயிப்பு. இது வரைக்கும் எல்லா ஊருக்கும் ஒண்ணுதான்.

நான் பொறந்த நன்னிலத்துல இன்னொண்ணு உண்டு. எதிராளி காயை ஒண்ணாவது வெட்டணும். வெட்டாதவ காய் உள்ள ஏறக்கூடாது, வாசல் கட்டத்துல நிக்கணும். அவ பட்டுக்கோட்டைக்காரி, அங்க அது கிடையாது.

"வெட்டாம பழம் எடுக்கறது ஒரு ஆட்டமா?" என்றேன். "சரிக்கா, உங்க சட்டமே இருக்கட்டும்" என்றாள்.

மூணாவது உருட்டுலயே என் காயை வெட்டிட்டா. மத்தியானத்துக்குள்ள அவளுக்கு மூணு பழம். என் காய்ல மூணு வாசல்ல நின்னுச்சு. ஒண்ணையும் வெட்டலை. மலைக்கட்டத்துல நிக்கிற காயை வெட்ட முடியாது. அவ மலைக்கு மலை தாவினா.

"அக்கா, உங்க சட்டத்தை விட்டுடுவோம். உள்ள ஏறுங்க" என்றாள்.

"ஆட்டத்து நடுவுல சட்டத்தை மாத்துறது எங்க ஊர்ல இல்லை."

"எங்க ஊர்ல மாத்துவோம்."

"அதான் பட்டுக்கோட்டை."

அவ கடைசிக் காய் மலையை விட்டு இறங்கி, என் நாலாவது காய்க்கு மூணு கட்டம் முன்னால நின்னுச்சு. மூணு விழுந்தா வெட்டு. தாயக்கட்டையை நல்லாத் தேய்ச்சு உருட்டினேன். ரெண்டு விழுந்துச்சு. அடுத்த உருட்டுல அவ உள்ள ஏறினா, அதுக்கடுத்ததுல பழம்.

மண்வெட்டியை எடுத்துட்டுப் போய் அவ மடையை நானே வெட்டி விட்டேன். மூணாம் நாள்தான் என் நாத்துக்குத் தண்ணி பாஞ்சுது. கால்வாசி கருகிப்போச்சு, மீதி பிழைச்சுக்கிச்சு.

அந்த வாரம் மகன் போன் பண்ணினான். "சித்திக்கு முதல் தண்ணியை விட்டுக்கொடுத்தியாமேம்மா. அக்காவுக்குப் பெரிய மனசுன்னு சித்தி சொல்லுது."

"நான் ஒண்ணும் விட்டுக்கொடுக்கலை. தோத்தேன். அவகிட்ட சொல்லிவை" என்றேன்.