உர்ஹோவின் முதுகுப் பிடிப்பு

உர்ஹோ காங்காஸ் ஆளைக் கண்டால் ஒதுங்குகிற பேர்வழி. அமெரிக்காவில் சுப்பீரியர் ஏரிக்கரையில் எட்டே வீடுள்ள ஊர். எல்லாரும் பின்லாந்து வழி வந்தவர்கள். குளிர்காலம் முழுக்கச் சாலையில் பனி தள்ளும் வண்டி ஓட்டுவான். வண்டிக்குள் தனியாகப் பாடுவான். 1972இல், என்ன துணிச்சலோ, அந்தப் பாட்டுகளை இசைத்தட்டாகப் போட்டுவிட்டான். தன் வீட்டுச் சவுனாவில், அதாவது நீராவிக் குளியலறையில், கிதாரோடு உட்கார்ந்து பதிவு செய்தது. தலைப்பு: "யாரும் வர வேண்டாம்." அட்டையில் அவன் முதுகு. முகத்தைக் காட்ட வெட்கமாம்.

தலைப்பை ஊர் மதித்தது. கடையில் வைத்த தட்டு ஒன்றுகூட நகரவில்லை. வாங்கினால் அவனிடம் ஏதாவது சொல்லியாக வேண்டுமே! முகத்துக்கு நேரே ஒருவனைப் புகழ்வதைவிடச் சட்டையில்லாமல் தேவாலயத்துக்குப் போய்விடுவார்கள் இந்த ஜனங்கள்.

உர்ஹோ வேறு வழி கண்டுபிடித்தான். சனிக்கிழமைதோறும் முறை வைத்து ஒரு வீட்டுச் சவுனாவில் ஊர் கூடும். கோட்டுக்குள் முதுகோடு ஒரு தட்டைச் செருகிக்கொண்டு போவான். மற்றவர்கள் குளிக்கப் போனதும், கூடத்து அலமாரியில் போல்கா நடன இசைத்தட்டுகளுக்கு நடுவே அதை நுழைத்துவிடுவான்.

"என்னடா, போலீஸ்காரன் மாதிரி நிமிந்து வர்றே?" என்றான் பக்கத்து வீட்டு சூலோ.

"முதுகுப் பிடிப்பு."

ஏழு வீட்டுக்கும் ஏழு தட்டு போய்ச் சேர்ந்தது. குளிர்காலம் முடியப் போகிறது, ஒருத்தர் வாயிலிருந்தும் ஒரு வார்த்தை வரவில்லை. உர்ஹோவுக்கு மனசு விட்டுப்போயிற்று. தன் வீட்டு முறை வருகிற சனிக்கிழமை வரை பார்ப்பது, இல்லையென்றால் மிச்சத் தட்டுகளைச் சவுனா அடுப்பில் போட்டுக் கொளுத்திவிடுவது என்று முடிவு செய்தான்.

அந்தச் சனிக்கிழமையும் வந்தது. எல்லாரும் வியர்த்தார்கள், பனியைப் பற்றிப் பேசினார்கள். பாதியில் சூலோ எழுந்தான்.

"அப்பப்பா, சூடு தாங்கல. நான் முன்னாடி போறேன்."

நாற்பது வருஷத்தில் அவன் சூடு தாங்காமல் எழுந்ததே இல்லை. வீட்டுக்குக் கிளம்பும்போது பார்த்தால் நட்டுவைத்த கம்பம்போல் நடந்தான்.

"உன் பிடிப்பு எனக்கும் ஒட்டிக்கிச்சுடா!"

எல்லாரும் போனபின் உர்ஹோ தட்டுகளைக் கொளுத்த எடுத்தான். மேலே இருந்ததன் அட்டையில் காப்பிக் கறை. உள்ளே தட்டு முழுக்கக் கீறல். ஓடவிட்டான். நான்காவது பாட்டில் முள் நிற்கவே மாட்டேன் என்றது, அவ்வளவு தேய்ந்திருந்தது. எண்ணிக்கையில் குறைவில்லை, புதுசு ஒன்றுதான் காணோம். உர்ஹோவுக்குச் சந்தோஷத்தில் கால் தரையில் பாவவில்லை. அடுப்பு அன்றைக்கு விறகோடு சரி.

அடுத்த சனிக்கிழமை சூலோ வீட்டில் காப்பியும் ஏலக்காய் ரொட்டியும்.

"முதுகு எப்படி இருக்கு?" என்றான் உர்ஹோ, கோப்பையைப் பார்த்தபடி.

"இப்ப தேவலாம். அந்த நாலாவது எலும்புதான் தேஞ்சே போயிருந்துச்சு."

சூலோவின் மனைவி இம்பி காப்பி ஊற்றிக்கொண்டே சொன்னாள்: "தினமும் அதே எலும்புதான். எனக்கே மனப்பாடம் ஆயிருச்சு."

உர்ஹோ அவசரமாக வாய் நிறைய ரொட்டியை அடைத்துக்கொண்டான். இல்லாவிட்டால் நன்றி என்று சொல்லித் தொலைத்திருப்பான்.